35 ஆண்டுகள் ஒரே பெயர்: ஒரு கவுண்டி கிளார்க் ஓய்வு பெற்றபோது ஆஸ்டின் மக்கள் எதற்காகக் கவலைப்பட்டார்கள்?

டெக்சாஸ் மாநிலத்தின் தலைநகரமான ஆஸ்டினில் 1987க்கும் 2022 ஜனவரிக்கும் இடையில் வீடு வாங்கிய யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், அவர்களுடைய பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். மென்பொருள் வேலைக்குப் போய் அங்கேயே குடியேறிய நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கேட்டால் காட்டுவார்கள். பதிவான நாள், நேரம், கட்டணம், ஆவண எண் எல்லாம் அச்சாகியிருக்கும். கூடவே ஒரு பெயர் இருக்கும்: டேனா டிபோவார், கவுண்டி கிளார்க், ட்ராவிஸ் கவுண்டி. அந்த வீட்டில் யாராவது அந்தக் காலத்தில் அங்கே கல்யாணம் செய்திருந்தால் அந்த லைசென்ஸிலும் அதே பெயர். சின்னதாக ஒரு கடை வைத்து அதன் பெயரைப் பதிவு செய்திருந்தால் அதிலும் அதே பெயர்.

2022 ஜனவரி இறுதியில் அவர் ஓய்வு பெற்றார். 1986இல் முதல் தேர்தலில் ஜெயித்து 1987இல் பதவியேற்றவர், நான்கு ஆண்டுக்கு ஒரு முறை மறுபடி மறுபடி நின்று மொத்தம் 9 தேர்தல்களில் ஜெயித்தார். 35 ஆண்டுகள். பதவிக்காலம் முடிய இன்னும் ஏறக்குறைய ஓர் ஆண்டு இருந்தபோதே விலகிக்கொண்டார்.

ஒரு அரசு அதிகாரி ஓய்வு பெறுவதில் என்ன செய்தி இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் ஆஸ்டின் அடங்கிய ட்ராவிஸ் கவுண்டியில் இது சாதாரண பிரிவு உபசாரமாகக் கடந்து போகவில்லை. நன்றி சொன்னவர்களின் குரலில் கவலையும் கலந்திருந்தது. அவரோடு வருடக்கணக்கில் சண்டை போட்டவர்களும் அந்தக் கவுண்டியில் இருந்தார்கள். ஏன் இப்படி என்று புரிய வேண்டுமானால், முதலில் அந்த நாற்காலி என்ன நாற்காலி என்று பார்க்க வேண்டும்.

கவுண்டி என்றால் ஏறக்குறைய நம்முடைய மாவட்டம் மாதிரி. ஆனால் ஒப்புமை அதோடு முடிந்துவிடுகிறது. நம் ஊரில் கலெக்டர் நியமிக்கப்படுகிறார், இரண்டு மூன்று ஆண்டில் மாற்றலாகிப் போய்விடுகிறார். பத்திரத்துக்கு சார்பதிவாளர் அலுவலகம், பிறப்பு இறப்புச் சான்றுக்கு நகராட்சி, தேர்தல் வந்தால் கலெக்டரே மாவட்டத் தேர்தல் அதிகாரி என்று வேலைகள் பிரிந்து கிடக்கின்றன. ட்ராவிஸ் கவுண்டியில் இவற்றில் பெரும்பகுதி ஒரே கிளார்க்கிடம் இருக்கிறது. நிலப் பத்திரங்கள், கல்யாண லைசென்ஸ், உயில் வழக்கு ஆவணங்கள், கவுண்டி நிர்வாகக் குழுவின் நடவடிக்கைக் குறிப்புகள், அப்புறம் தேர்தல். இந்தக் கிளார்க்கை யாரும் நியமிப்பதில்லை, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ‘கிளார்க்’ என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு மேசையில் கோப்பு அடுக்கும் குமாஸ்தா ஞாபகம் வரும். அந்த எண்ணத்தை இங்கே ஒதுக்கி வைத்துவிட வேண்டும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்தில் டெக்சாஸின் ஆளுநராக இருந்த எட்மண்ட் டேவிஸ் கையில் நியமன அதிகாரம் ஏராளமாகக் குவிந்திருந்தது. அதன்மேல் இருந்த கோபத்தில் 1876இல் நடைமுறைக்கு வந்த மாநில அரசியல் சாசனம் அதிகாரத்தைச் சிறு சிறு துண்டாக உடைத்தது. ஷெரிஃப், கிளார்க், வரி வசூலிப்பவர் என்று ஆளாளுக்குத் தனித் தேர்தல். யாரும் யாருக்கும் கீழே இல்லை. கவுண்டி நிர்வாகத்துக்குத் தலைமை தாங்குபவரை ‘கவுண்டி ஜட்ஜ்’ என்பார்கள். அவர்கூட கிளார்க்கை வேலையை விட்டுத் தூக்க முடியாது. கிளார்க் பதில் சொல்ல வேண்டியது ஓட்டாளருக்குத்தான்.

இதனால் ஒரு விளைவு உண்டு. ஒருவர் அந்த நாற்காலியில் நன்றாக வேலை செய்தால், மக்கள் அவரை மாற்ற நினைப்பதில்லை. அவர் அந்த அலுவலகமாகவே ஆகிவிடுகிறார். 1990 கணக்கெடுப்பில் ட்ராவிஸ் கவுண்டியின் மக்கள்தொகை 5,76,407. 2020இல் 12,90,188. முப்பது ஆண்டில் ஊர் இரண்டு மடங்குக்கும் மேல் பெருத்துவிட்டது. அவர் போகும்போது அங்கே ஓட்டுப் போட்டவர்களில் பலருக்கு வேறு கிளார்க்கைத் தெரியவே தெரியாது.

மக்கள் அவரிடம் எதைப் பார்த்தார்கள்? பெரிய கொள்கைப் பேச்சு எதையும் பார்க்கவில்லை, அன்றாட வசதியைப் பார்த்தார்கள். டெக்சாஸில் தேர்தல் நாளுக்கு முன்பே நேரில் போய் ஓட்டுப் போடும் வசதி 1980களின் இறுதியில் காரணம் எதுவும் கேட்காமல் எல்லோருக்கும் திறந்தது. ட்ராவிஸ் கவுண்டி அந்த ஓட்டுச்சாவடிகளை மளிகைக் கடைகளுக்குள் கொண்டுபோய் வைத்தது. இதைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். பாலும் முட்டையும் வாங்க வந்த பெண்மணி தள்ளுவண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வரிசையில் நிற்கிறார். பக்கத்தில் பில் போடும் இயந்திரத்தின் ‘பீப்’ சத்தம். பத்து நிமிடத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு மறுபடி வண்டியை எடுத்துக்கொண்டு காய்கறிப் பக்கம் போகிறார். ஓட்டுப் போடுவதற்காக ஒரு நாளை ஒதுக்க வேண்டியதில்லை, வேலைக்கு லீவு கேட்க வேண்டியதில்லை. இரண்டு ஷிப்ட் பார்க்கிற ஒருவருக்கு இதன் அருமை தெரியும்.

அப்புறம் 2011 வாக்கில், தேர்தல் நாளன்றும் கவுண்டிக்குள் எந்தச் சாவடியிலும் ஓட்டுப் போடலாம் என்ற ஏற்பாடு வந்தது. உங்கள் தெருவுக்கு ஒதுக்கிய சாவடி எது என்று தேடி அலைய வேண்டாம். வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதே போதும். எந்தச் சாவடியில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று இணையத்தில் வரைபடமாகப் பார்க்கும் வசதியும் பிறகு வந்தது. இதெல்லாம் யாரும் மேடையில் பேசுகிற சாதனைகள் இல்லை. ஆனால் ஓட்டுரிமை என்பது ஒரு சாதாரண மனிதருக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பவை இவைதான். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் இதே அலுவலகத்தைப் பல ஆண்டுகளாகக் கடுமையாக எதிர்த்தவர்களும் உண்டு. அவர்கள் சொன்னதைச் சொல்லாமல் இந்தக் கதையைப் புரிந்துகொள்ள முடியாது.

2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் புளோரிடாவில் துளையிடும் அட்டைகளால் வந்த குழப்பம் உலகம் முழுக்கத் தெரிந்தது. 2002இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, பழைய கருவிகளை மாற்றுவதற்கு மாநிலங்களுக்குப் பணம் கொடுத்தது. நாடு முழுக்க மின்னணு இயந்திரங்கள் வந்து இறங்கின. ட்ராவிஸ் கவுண்டி வாங்கியது ‘ஈஸ்லேட்’ என்ற இயந்திரம். அதைச் செய்த ஹார்ட் இன்டர்சிவிக் நிறுவனத்தின் தலைமையகமே ஆஸ்டின்தான்.

அந்த இயந்திரம் தொடுதிரை இல்லை. தட்டையான பலகை மாதிரி இருக்கும். சாவடி அலுவலர் உங்களுக்கு நான்கு இலக்க எண் அச்சிட்ட ஒரு சின்னச் சீட்டு தருவார். பலகையின் கீழ்ப்பக்கம் இருக்கும் சக்கரத்தைத் திருகித் திருகி ஒவ்வொரு எண்ணாக அதை உள்ளிட வேண்டும். பிறகு அதே சக்கரத்தைத் திருகினால் வேட்பாளர் பெயர்கள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய பெயரில் நிறுத்தி ஒரு பொத்தான். எல்லாம் முடிந்ததும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஓட்டு விழுந்தது என்று அர்த்தம். அமெரிக்கக் கொடி ஒன்று திரையில் அசையும். அவ்வளவுதான். கையில் ஒன்றும் கிடைக்காது, பெட்டியில் எந்தக் காகிதமும் விழாது.

அங்கேதான் பிரச்சினை ஆரம்பித்தது. நான் போட்டது இயந்திரத்துக்குள் அப்படியே பதிவானதா? பதிவானதைத்தான் எண்ணினார்களா? மறு எண்ணிக்கை வந்தால் எதை எண்ணுவார்கள்? காகிதம் வேண்டும் என்று ஆஸ்டினில் ஒரு கூட்டம் விடாமல் கேட்டது. கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்ஏஏசிபியின் ஆஸ்டின் கிளை 2006இல் வழக்கே போட்டது. காகிதச் சான்று இல்லாத இயந்திரம் ஓட்டாளரின் உரிமையைப் பறிக்கிறது என்பது அவர்கள் வாதம். 2011இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்காமல் மாநில அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

வழக்கில் தோற்றாலும் கேள்வி சாகவில்லை. கிளார்க் அலுவலகம் தன் பக்கத்தில் சோதனைகள் செய்துகொண்டுதான் இருந்தது. தேர்தல் நாளன்றே ஓர் இயந்திரத்தைத் தனியே எடுத்து, முன்பே எழுதி வைத்த ஓட்டுகளை ஊழியர்களே போட்டு, இயந்திரம் சொல்லும் கணக்கோடு ஒப்பிடும் சோதனையும் அதில் ஒன்று. இயந்திரம் சரியாக நடந்துகொள்கிறதா என்று அலுவலகத்துக்கு இதில் தெரியும். ஆனால் ஓட்டாளருக்கு? அவர் அலுவலகத்தை நம்பித்தான் ஆக வேண்டும். காகிதம் கேட்டவர்கள் அந்த நம்பிக்கையைத்தான் கேள்வி கேட்டார்கள். என் பார்வையில், அவர்கள் கேட்டது நியாயமானது. 2000களின் தொடக்கத்திலிருந்து 2019 வரை ட்ராவிஸ் மக்கள் காகிதம் இல்லாமலே ஓட்டுப் போட்டார்கள் என்பது அந்த 35 ஆண்டுக் கணக்கில் பற்றுப் பக்கம் எழுத வேண்டிய விஷயம்.

ஆனால் இதற்கு அடுத்து நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம்.

2011இல் சான் பிரான்சிஸ்கோவில் தேர்தல் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்களின் மாநாடு ஒன்று நடந்தது. மின்னணு இயந்திரங்களின் ஓட்டைகளைக் கண்டுபிடித்து எழுதுவதுதான் அங்கே கூடியிருந்தவர்களில் பலருடைய வேலை. அந்த மேடையில் ஏறி டிபோவார் பேசினார். தன்னைக் குறை சொல்லிக்கொண்டிருந்த துறைக்குள்ளேயே போய், சரி, அப்படியானால் நல்லதொரு இயந்திரத்தை வடிவமைக்க எனக்கு உதவுங்கள் என்று அழைப்பு வைத்தார். அவர்களும் வந்தார்கள். ரைஸ் பல்கலைக்கழகத்தின் டான் வாலக், ஓட்டுக் கணக்குத் தணிக்கை முறைக்குப் பெயர் பெற்ற பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பிலிப் ஸ்டார்க், மைக்ரோசாஃப்டின் ஜோஷ் பெனலோ முதலிய பலர் கவுண்டி அலுவலர்களோடு உட்கார்ந்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் ‘ஸ்டார்-வோட்’ என்ற வடிவம். 2013இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

அதன் அடிப்படை எளிமையானது. ஓட்டாளர் திரையில் தேர்ந்தெடுப்பார். அவர் கண்ணால் படிக்கக்கூடிய காகித ஓட்டு ஒன்று அச்சாகும், அதைப் பெட்டியில் போடுவார். கூடவே ஒரு ரசீதும் கிடைக்கும். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று அதில் தெரியாது. ஆனால் வீட்டுக்குப் போய் இணையத்தில் பார்த்தால், தன் ஓட்டு வேறு யாரும் படிக்க முடியாத ரகசியக் குறியீட்டு வடிவில் கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று சரிபார்க்கலாம். இயந்திரத்தின் மேல் சந்தேகம் வந்தால், போட்ட ஓட்டை ரத்து செய்து இயந்திரத்தையே சோதனைக்கு உட்படுத்தவும் வழி உண்டு. கடைசியில் காகிதங்களிலிருந்து மாதிரி எடுத்து எண்ணி, அறிவித்த முடிவு சரிதானா என்று புள்ளியியல்படி உறுதி செய்வார்கள். நாட்டின் தலைசிறந்த கணினி அறிவியலாளர்களை ஒரு கவுண்டி கிளார்க் அலுவலகம் ஒரே மேசையில் உட்கார வைத்தது என்பது சாதாரண விஷயம் இல்லை.

அது நடைமுறைக்கு வரவில்லை. விலைப்புள்ளி கேட்டபோது, முழு அமைப்பையும் கேட்டபடி செய்து தர எந்த நிறுவனமும் முன்வரவில்லை. 2017இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி தனக்கென்று சொந்த அமைப்பை உருவாக்கி 2020இல் பயன்படுத்தியது. ஆனால் அந்தக் கவுண்டியில் சுமார் 1 கோடி மக்கள் இருக்கிறார்கள். அவ்வளவு பண பலம் ட்ராவிஸுக்கு இல்லை. கடைசியில் சந்தையில் கிடைத்த, காகித அட்டை அச்சிடும் இயந்திரங்களை வாங்கி 2019 நவம்பரில் பயன்பாட்டுக்குக் கொண்டு வந்தார்கள். காகிதம் கேட்டவர்களுக்குக் காகிதம் கிடைத்தது. தாமதமாக, ஆனால் கிடைத்தது. 2021இல் டெக்சாஸ் சட்டமன்றமே எல்லாக் கவுண்டிகளும் 2026க்குள் காகிதச் சான்றுள்ள முறைக்கு மாற வேண்டும் என்று சட்டம் போட்டது.

குறை சொல்ல ஒரு முகவரி இருந்தது, அந்த முகவரியில் அதே ஆள் இருந்தார், பத்து ஆண்டு கழித்தும் அதே ஆள் இருந்தார். முந்தைய சண்டையில் யார் என்ன சொன்னார்கள் என்பதை இரு தரப்பும் மறக்கவில்லை. நீண்ட காலப் பதவியைப் பற்றிப் பேசும்போது நாம் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை என்று நினைக்கிறேன். அடிக்கடி ஆள் மாறும் அலுவலகத்தில் புகார் கொடுப்பவருக்கு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். “நான் புதுசா வந்திருக்கேன், ஃபைலைப் பார்க்கறேன்” என்ற பதில் எவ்வளவு சோர்வைத் தரும் என்பது அலுவலகப் படி ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும்.

தேர்தலுக்கு வெளியே, மக்கள் மனதில் நின்ற இன்னொரு நாள் 2015 பிப்ரவரி 19. அப்போது டெக்சாஸ் சட்டம் ஒரே பாலினத்தவர் திருமணத்தை அனுமதிக்கவில்லை. முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பெண்கள் நீதிமன்றம் போனார்கள். அவர்களுக்கு இரண்டு மகள்கள். ஒருவருக்குப் புற்றுநோய் வந்து சிகிச்சை நடந்திருந்தது. காலம் காத்திருக்காது என்பதுதான் அவர்கள் வாதம். உள்ளூர் நீதிபதி அவர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும்படி கிளார்க்குக்கு உத்தரவிட்டார். கிளார்க் அலுவலகம் கொடுத்தது. அலுவலகத்துக்கு வெளியிலேயே, அன்று காலையிலேயே, யூத மதகுரு ஒருவர் முன்னிலையில் கல்யாணம் முடிந்தது. மாநில அரசு வழக்கறிஞர் டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்துக்கு ஓடினார், அன்று மதியமே தடை வந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு லைசென்ஸ் அதற்குள் கையெழுத்தாகிப் பதிவும் ஆகிவிட்டது. டெக்சாஸில் ஒரே பாலினத் தம்பதிக்குச் சட்டப்படி கிடைத்த முதல் திருமண லைசென்ஸ் அது. நான்கு மாதம் கழித்து ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அந்த உரிமையை உறுதி செய்தபோது, ட்ராவிஸ் கிளார்க் அலுவலகம் அன்று காலையிலேயே லைசென்ஸ் கொடுக்க ஆரம்பித்து, அலுவலக நேரத்தையும் நீட்டித்தது. அப்படியான ஒரு நாளில் ஒருவரின் வாழ்க்கையைத் தொட்ட அதிகாரி ஓய்வு பெறும்போது, நன்றி சொல்பவர் கொள்கைக்கு நன்றி சொல்வதில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆளுக்குத்தான் சொல்கிறார்.

இந்த முடிவை ஏற்காதவர்களும் டெக்சாஸில் நிறைய. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ட்ராவிஸ் கவுண்டி ஜனநாயகக் கட்சியின் கோட்டை. 2020 அதிபர் தேர்தலில் பத்தில் ஏழு பேர் பைடனுக்கு ஓட்டுப் போட்டார்கள். டிபோவாரும் அதே கட்சிக்காரர். மாநில அரசோ பல ஆண்டுகளாகக் குடியரசுக் கட்சியின் கையில். கவுண்டி கிளார்க் மாநிலச் சட்டத்தைச் செயல்படுத்த வேண்டியவர், ஆனால் அவரைத் தேர்ந்தெடுப்பது உள்ளூர் மக்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இழுபறி வரும்போதெல்லாம் வழக்குத் தலைப்பில் இவர் பெயர் ஏறியது. 2020இல் கொரோனா வந்தபோது, நோய்த்தொற்றுக்குப் பயப்படுகிறவர்கள் தபாலில் ஓட்டுப் போடலாமா என்று டெக்சாஸ் ஜனநாயகக் கட்சி போட்ட வழக்கின் எதிர்த்தரப்பில் அவர் பெயர்தான் இருந்தது. சொந்தக் கட்சி தொடுத்த வழக்கில் பிரதிவாதியாக நிற்பதும் அந்தப் பதவியின் ஒரு பகுதி.

அந்த 2020தான் அவருடைய கடைசிப் பெரிய தேர்தல். தபால் ஓட்டுகளை மக்கள் நேரில் கொண்டுவந்து கொடுக்க ட்ராவிஸ் 4 இடங்களை ஏற்பாடு செய்திருந்தது. அக்டோபர் 1 அன்று ஆளுநர் கிரெக் ஆபட் ஓர் ஆணை போட்டார்: ஒரு கவுண்டிக்கு ஒரே ஓர் இடம்தான். சில நூறு பேர் வாழும் கவுண்டிக்கும் அதே ஒன்று, 12 லட்சம் பேர் வாழும் ட்ராவிஸுக்கும் அதே ஒன்று. மற்ற மூன்றையும் மூட வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் ஓட்டுகளைப் பரிசீலிக்கும் இடத்தில் தகராறும் நடந்தது. கண்காணிக்க வந்த ஒருவர் விதியை மீறி நடந்ததால் வெளியேற்றப்பட்டு, கத்திக்கொண்டே கண்ணாடியை ஓங்கி ஓங்கித் தட்டினார். கடைசியில் அவர் கைது செய்யப்பட்டார். உள்ளே உட்கார்ந்து உறைகளைப் பிரித்துக்கொண்டிருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களில் பெரும்பாலோர் சில நாள் சம்பளத்துக்கு வரும் உள்ளூர்க்காரர்கள்.

2021 செப்டம்பரில் ‘எஸ்பி 1’ என்ற புதிய தேர்தல் சட்டம் கையெழுத்தானது. அதில் இரண்டு அம்சங்கள் ட்ராவிஸ் மக்களை நேரடியாகத் தொட்டன. ஒன்று, கேட்காதவருக்குத் தபால் ஓட்டு விண்ணப்பத்தை அனுப்பினாலோ, விண்ணப்பிக்கும்படி தூண்டினாலோ தேர்தல் அதிகாரிக்குச் சிறைத்தண்டனை வரை போகலாம். இன்னொன்று, விண்ணப்பத்தில் ஓட்டுநர் உரிம எண்ணையோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையோ எழுத வேண்டும், அது அரசுப் பதிவேட்டில் இருப்பதோடு பொருந்த வேண்டும்.

இரண்டாவது அம்சம் கேட்க எளிதாக இருக்கும். ஆனால் டெக்சாஸில் தபால் ஓட்டுக்குத் தகுதி பெற்றவர்களில் பெரும்பாலோர் 65 வயதைத் தாண்டியவர்கள். நாற்பது ஐம்பது ஆண்டுக்கு முன் ஓட்டாளராகப் பதிந்த ஒரு பாட்டி அன்று எந்த எண்ணைக் கொடுத்தார் என்று இன்று எப்படி ஞாபகம் வைத்திருப்பார்? அவர் பதிவேட்டில் ஓர் எண்தான் இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது. அவர் எழுதும் எண் உண்மையானதாகவே இருந்தாலும் பொருந்தவில்லை என்று திரும்பி வந்துவிடும். 2022 ஜனவரி நடுவில், தான் விலக இரண்டு வாரம் இருந்தபோது, டிபோவார் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, வந்த சுமார் 700 விண்ணப்பங்களில் ஏறக்குறைய பாதியை நிராகரிக்க வேண்டியிருந்தது என்று சொன்னார். மாநில அலுவலகம் இதை மறுத்தது, கவுண்டி மறுபடி சரிபார்த்தபோது விகிதம் கணிசமாகக் குறைந்தது. ஆக, அந்த முதல் எண் முழுமையாக நிற்கவில்லை. ஆனால் அவர் சுட்டிக்காட்டிய ஆபத்து உண்மைதான் என்று சீக்கிரமே தெரிந்தது. மார்ச் 1 அன்று, கட்சிகளின் வேட்பாளர்களை ஓட்டாளர்களே தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் டெக்சாஸ் முழுக்க 24,000க்கும் மேற்பட்ட தபால் ஓட்டுகள் தள்ளுபடியாயின. எட்டு ஓட்டில் ஒன்று. போட்டவர்கள் உயிரோடு இருக்கும், தகுதியுள்ள, பெரும்பாலும் வயதான மனிதர்கள்.

இந்தச் சூழலில் அவர் விலகினார் என்பதை வைத்துப் பார்த்தால், மக்களின் கவலை எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். 35 ஆண்டு வேலை பார்த்தவர் ஓய்வு பெறுவது இயற்கை. அவர்கள் பயந்தது அடுத்து வருபவர் இந்தக் குழப்பத்தை எப்படிச் சமாளிப்பார் என்பதற்கு. தேர்தல் நடத்துவது சட்டப் புத்தகத்தைப் பார்த்து மட்டும் செய்கிற வேலை இல்லை. எந்தப் பள்ளிக்கூடம் சாவடிக்கு இடம் தரும், எந்தக் கட்டடத்தில் சக்கர நாற்காலி நுழையாது, மழை பெய்தால் எந்தச் சாலை மூழ்கும், ஐம்பது ஆண்டாக ஒரே சாவடியில் வேலை பார்க்கும் எந்தப் பெரியவரை முன்கூட்டியே கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் ஆள் தலையில் இருக்கும் விஷயம்.

அந்த நேரத்தில் நாடெங்கும் இதே தலைகள் காலியாகிக்கொண்டிருந்தன. 2022 மார்ச்சில் தேர்தல், சட்டம் பற்றி ஆராயும் பிரென்னன் மையம் வெளியிட்ட ஆய்வில், உள்ளூர்த் தேர்தல் அதிகாரிகளில் ஆறில் ஒருவர் தனக்கு மிரட்டல் வந்ததாகச் சொன்னார். ஐந்தில் ஒருவர் 2024க்குள் வேலையை விட்டுவிடக்கூடும் என்றார். டெக்சாஸின் ஹூட் கவுண்டியில், டிரம்புக்குப் பத்தில் எட்டு ஓட்டு விழுந்த ஊரிலேயே, 2021 அக்டோபரில் தேர்தல் நிர்வாகி நெருக்கடி தாங்காமல் ராஜினாமா செய்தார். 2022 ஆகஸ்டில் கில்லெஸ்பி கவுண்டியில் தேர்தல் அலுவலகத்தின் ஊழியர்கள் எல்லோருமே ஒரேயடியாக வெளியேறினார்கள். 2023இல் டாரன்ட் கவுண்டியின் நிர்வாகி விலகினார். இவர்களில் நிர்வாகிகள் நியமனம் பெற்றவர்கள். மேலே இருப்பவருக்குப் பிடிக்காவிட்டால் நாற்காலி ஆடும். டிபோவாரின் நாற்காலி அப்படி ஆடவில்லை, ஏனென்றால் அதைப் பிடித்திருந்தது ஓட்டாளர்கள்.

அதே காரணத்தால் நேர்மையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு கட்சியின் கோட்டையில், அந்தக் கட்சியின் ஆள், 9 தேர்தல்களில் தொடர்ந்து ஜெயிக்கிறார் என்றால், அங்கே உண்மையான போட்டி உட்கட்சித் தேர்தலோடு முடிந்துவிடுகிறது. எதிர்க்கட்சி ஓட்டாளரின் பார்வையில் அந்த நாற்காலி எட்டாத உயரத்தில் இருந்தது. 35 ஆண்டுகள் அவர் ஓட்டு எண்ணப்பட்டது, எண்ணியவரைத் தேர்ந்தெடுப்பதில் அவர் குரல் எடுபடவில்லை. அவர்களில் சிலர் இந்த ஓய்வில் நிம்மதி அடைந்திருந்தால் அதில் தவறு காண முடியாது. புதிய ஆள் வரும்போது பழைய கேள்வியைப் புதிதாகக் கேட்க ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது.

விதிப்படி காலியிடத்தைக் கவுண்டி நிர்வாகக் குழு நிரப்பியது. ரெபெக்கா குரேரோ இடைக்காலக் கிளார்க் ஆனார். பிப்ரவரி 14 அன்று உட்கட்சித் தேர்தலுக்கான முன்கூட்டிய வாக்குப்பதிவு தொடங்கியது, அவர் பொறுப்பேற்று மூன்று வாரம்கூட ஆகவில்லை. நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் டயானா லிமோன்-மெர்காடோ கிளார்க்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆக, 35 ஆண்டுகள் ஒரே பெயரைத் தாங்கிய முத்திரையில் ஓராண்டுக்குள் மூன்று பெயர்கள். 2022 ஜனவரியில் வீடு பதிந்தவரின் பத்திரத்தில் ஒன்று, அதே தெருவில் மார்ச்சில் பதிந்தவருக்கு இன்னொன்று, அடுத்த ஜனவரியில் பதிந்தவருக்கு வேறொன்று.